கர்ப்பிணி மாத்திரை என்று கேலி செய்தேன்

போன வருஷம், கோலா சிலாங்கூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் கோயில் திருவிழா நெருங்கிய சமயம். நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். என் மனைவிக்கு மூட்டு வாதம். கிளினிக்கில் இரண்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒன்று வெள்ளிக்கிழமை மட்டும். மற்ற நாளில் ஃபோலிக் ஆசிட், பிள்ளை உண்டாகியிருந்தபோது அவள் தின்ற அதே மாத்திரை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “அம்பது வயசுல மசக்கையா? மருமகன் கேட்டா என்னா சொல்றது?” என்று கேலி செய்தேன். வெட்கப்பட்டு அதை நிறுத்திவிட்டாள். அதோடு விட்டேனா? அவளுக்குப் பால்குட வேண்டுதல் இருந்தது, விரலோ மடங்கவில்லை. “வெள்ளிக்கெழம மாத்திரை ஒருநாள் போட்டாலே வலி கொறையுதுல்ல, அதத் தெனமும் போடு லா” என்றேன். போட்டாள்.

ஆறாம் நாள் வாயெல்லாம் புண், காய்ச்சல். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, “அம்மா வந்திருக்கா. மருந்து ஒண்ணும் குடுக்காதீங்க” என்றார். விரத நேரம், நானும் அம்மைதான் என்று நம்பி வாசலில் வேப்பிலை கட்டினேன். உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லையே என்று அவள் கையையும் முதுகையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வேப்பிலை கட்டிய மூன்றாம் நாள் காலையில் ரத்தமாகத் துப்பினாள். அப்படியே தூக்கி லோரியில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்தது ஒரு மருந்தாளர் பெண். “வார மாத்திரை தீந்துபோச்சு, ஃபோலிக் அப்படியே இருக்கே. எப்படிச் சாப்பிட்டாங்க அங்கிள்?” என்று கேட்டார். நடந்ததை அப்படியே சொன்னேன்.

உடம்பில் புது செல் உருவாகப் பியூரின் என்ற பொருள் வேண்டுமாம். அதைத் தயாரிக்கும் நொதிகளில் சில ஃபோலேட் இல்லாமல் வேலையே செய்யாதாம். வார மாத்திரை அந்த வேலையைத்தான் தடுக்கிறது; அந்தத் தடை அளவு மீறாமல் காக்கத்தான் ஃபோலிக் மாத்திரையாம். அதை நிறுத்திவிட்டு இதைத் தினமும் போட்டதால் வாய்க்குள் புதுத்தோல் வரவில்லை, ரத்தத்திலும் வெள்ளையணு வற்றிவிட்டது. “சின்ன கிருமி வந்தாலும் தாங்க மாட்டாங்க” என்றார்.

வார மாத்திரையை முறிக்கும் மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். தினமும் காலையில் ரத்தம் எடுத்துப் போவார்கள். முடிவு வரும்வரை வார்டு வாசலிலேயே நிற்பேன். திருவிழா அன்றும் அவள் வார்டில்தான். அவளுடைய பால்குடத்தை நான் சுமந்தேன். மறுநாள்தான் வெள்ளையணு ஏறத் தொடங்கியது.

இப்போது அந்த ஃபோலிக் மாத்திரையை நானே தண்ணீரோடு கொடுக்கிறேன். “என்னாங்க, இன்னிக்குக் கேலி ஒண்ணும் இல்லியா?” என்று அவள்தான் சிரிப்பாள். என் வாய்க்கொழுப்புக்கு அவள் உயிரல்லவா விலையாகப் போகப் பார்த்தது என்று நினைக்கும்போது, அவள் அதை விழுங்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் லோரி சாவியை எடுக்கிறேன்.