ஆப்பிரிக்காவுக்குக் கேட்ட இடம்

அத்தானின் கறுப்புக் கோட்டு நினைவுக்கு வந்தாலே எனக்கு வியர்க்கும். சங்கரன்கோவில் சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு ரயிலேறினார் என்றால், சென்னையில் பாடத்திட்டக் குழு கூடுகிறது என்று அர்த்தம். அவர் என் அக்காளைக் கட்டியவர். கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். நான் பல்கலைக்கழக அலுவலகத்தில் குமாஸ்தா. அந்தக் கூட்டங்களில் குறிப்பெடுப்பது என் வேலை. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியும் தத்துவப் பாடம் கிரேக்கத்தில் தொடங்கி ஜெர்மனியில்தான் முடிந்தது. ஓரத்தில் கொஞ்சம் வேதாந்தம். அத்தான் ஆப்பிரிக்கச் சிந்தனைக்கு ஒரு தனிப் பரீட்சைத் தாள் கேட்டார். வருஷா வருஷம் கேட்டார்.

கேட்கிற விதம்தான் அவருக்குத் தெரியாது. பெரிய மனிதர்களைத் தனியே பார்த்துப் பேசிவைக்க மாட்டார். நேரே சபையில் போட்டு உடைப்பார். ஆப்பிரிக்காவில் மரத்தடியில் கூடி, எல்லோரும் ஒப்பும்வரை பேசித் தீர்ப்பதை அவர் தர்க்கம் என்றார். குழு பஞ்சாயத்து என்றது. "அவங்க எழுதிவச்ச நூல் எங்க ஓய்?" என்று தலைவர் ஒருமுறை சிரித்தார். "விஷம் குடிச்சுச் செத்த கிரேக்கக் கிழவர் என்னத்த எழுதிவச்சாரு? அவரப் பத்தி மட்டும் கேள்வி கேக்கோமே" என்றார் அத்தான். சபை சிரித்தது, தீர்மானம் தோற்றது. இதையே எழுதி எழுதி எனக்குச் சலித்துவிட்டது.

அவர் ஓய்வு பெற இருந்த வருஷம் குழு இறங்கி வந்தது. பாடத்தின் கடைசியில் 'ஆதி மக்களின் நம்பிக்கைகள்' என்ற தலைப்பில் ஆப்பிரிக்காவைச் சேர்க்கலாம்; ஆனால் பரீட்சையில் கேள்வி வராது. எல்லோர் முகத்திலும் தர்மம் செய்த திருப்தி. அத்தான் எழுந்து, "அப்படின்னா வேண்டாம், அந்த வரிய அடிச்சிருங்க" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. லீவு போட்டிருந்ததால் நானும் அவரோடு ஊருக்கு ரயிலேறினேன்; வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

சேதி கேட்ட அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இத்தன வருஷம் அலைஞ்சீங்க. குடுத்தத வாங்கிட்டு வந்தா என்னவாம்?"

"ஏட்டி, பந்தியில உக்கார வைங்கன்னு கேட்டேன். கொல்லையில எலயப் போட்டுட்டு, 'சோறு போட்டாச்சுல்லா'ங்காங்க. அதையா வாங்கிட்டு வரச் சொல்லுத?"

அக்கா அவர் கழற்றிப்போட்ட கோட்டை எடுத்துக் கொடியில் மாட்டினாள். பிறகு, "சரி, அடுத்த தடவ கேளுங்க" என்றாள். அடுத்த தடவை என்று ஒன்று அவருக்கு இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

இன்று எங்கெங்கோ அந்தத் தாள், பரீட்சைக் கேள்வியோடு, இருப்பதாகச் சொல்கிறார்கள். கேட்டு வைத்துக்கொள்கிறேன். அத்தானும் இல்லை, அக்காவும் இல்லை. யாரிடம் போய்ச் சொல்ல?