கழற்றிய சென்சாரில் நூற்றி நாலு

சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள், பாதியில் சிரித்தால் எனக்கு மேலே சொல்ல வராது. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். கார் எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறவனுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. கரண்ட் வருகிறது, இல்லை வரவில்லை. வரவில்லை என்றால் எங்கேயோ வயர் போயிருக்கிறது, அவ்வளவுதான். நாமக்கல்லில் தொழில் பழகி, தில்லிக்கு வந்து, முனிர்கா சந்தில் குனிந்து குனிந்து இடுப்பும் போய்விட்டது. எந்த ஆவியும் என்னிடம் வண்டி கொண்டுவந்து விட்டதில்லை. அந்த மத்தியானம் வரைக்கும்.

மழை ஓய்ந்து கொசு பெருகியிருந்த மாதம். சாப்பிட்டுவிட்டு ஒரு கண் அயரலாம் என்று படுத்தபோதுதான் பானுமதி அக்கா போன் செய்தார். அவர் முனிர்காவிலேயே ஃபிளாட்டில் இருப்பவர், அரசாங்க ஆபீஸில் வேலை. கணவர் போன வருஷம் டெங்குவில் போய்விட்டார். அவர் ஓட்டிய பெட்ரோல் கார் வாசலிலேயே நின்றது. தில்லியில் பதினைந்து வருஷம் முடிந்தால் வண்டி ஓட்டக்கூடாதே, அதனால் மறுவாரம் பழைய வண்டி வாங்கி உடைக்கிற கபாடிக்காரன் வந்து தூக்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அந்த வண்டியைத்தான் பார்க்கச் சொன்னார். உடைக்கப்போகிற வண்டிக்கு வைத்தியமா என்று எரிச்சலோடுதான் போனேன்.

வண்டியின் கோளாறு இதுதான். கிளம்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும். யார் யாரோ பார்த்து ரேடியேட்டரை மாற்றி, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்து, ஃபேனையும் ‘டைரக்ட்’ செய்திருந்தார்கள். டைரக்ட் என்றால், சென்சார் சொல்லும்போது சுற்ற வேண்டிய ஃபேனை, சாவி போட்டதுமே ஓயாமல் சுற்றும்படி நேராக வயர் கொடுத்துவிடுவது. எல்லா நோய்க்கும் அது ஒரே மருந்து. தலைவலிக்குத் தலையணையை மாற்றிய கதைதான், முள் மட்டும் அசையாமல் சிவப்பில் நின்றது.

“ரிப்பேர் பண்ண வேண்டாம் தம்பி,” என்றார் அக்கா. “அன்னிக்கு வண்டி நெஜமாவே சூடாச்சா, இல்ல முள்ளு பொய் சொல்லிச்சா? வண்டி போறதுக்குள்ள அது மட்டும் எனக்குத் தெரிஞ்சாகணும்.”

அன்றைக்கு என்றால், கணவரைப் பின்சீட்டில் படுக்க வைத்து இவரே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போன நாள். ஃப்ளைஓவரில் ஒரே ஜாம். முள் சிவப்பைத் தொட்டதும் இன்ஜின் பிடித்துக்கொள்ளுமே என்று பயந்து ஓரம் கட்டிவிட்டார். பின்சீட்டுக்குப் போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு வண்டி ஆறட்டும் என்று காத்திருந்தார். வண்டி ஆற ஆற அவர் உடம்பும் ஆறியது. நெற்றியில் கை வைத்தால் குளுகுளு என்று இருந்ததாம். காய்ச்சல் விட்டுவிட்டது என்று சாமிக்கு நன்றி சொல்லி, வண்டியைத் திருப்பி வீட்டுக்கே வந்துவிட்டார். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து என்று மறுநாள் டாக்டர் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. இதை அக்கா அழாமல் சொன்னார். அழுது தீர்ந்துபோன குரல் அது.

பானெட்டைத் திறந்தேன். இந்த வண்டியில் இரண்டு சென்சார். ஒன்று முள்ளுக்கு, ஒன்று வண்டியின் கம்ப்யூட்டருக்கு. முதலில், அந்தக் கம்ப்யூட்டர் என்ன சூடு படிக்கிறது என்று காட்டும் ஸ்கேனரை மாட்டி, கம்ப்யூட்டர் சென்சாரின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். மைனஸ் நாற்பது காட்டியது, சென்சார் இல்லாவிட்டால் அதைத்தான் காட்ட வேண்டும். சரி, அந்தப் பக்கம் வயரிங் நன்றாக இருக்கிறது என்று பிளக்கைத் தொங்கவிட்டுவிட்டு இன்ஜினைப் போட்டேன். முள் மெதுவாக ஏறிச் சிவப்புக்குப் போனது. ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டால் வெதுவெதுப்புதான், குழந்தையைக் குளிப்பாட்டலாம். முள்ளின் சென்சாரிலிருந்து வயரைப் பிடுங்கினேன். வயர் இல்லாவிட்டால் முள் கீழே விழ வேண்டும், அது அசையவே இல்லை. அப்படியென்றால் வயர் வழியில் எங்கேயோ பாடியைத் தொடுகிறது. இன்ஜினை அணைத்து, தடவிக்கொண்டே போனேன். பேட்டரித் தட்டுக்கு அடியில் கம்பியின் தோல் உரிந்து செம்பு தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. நேற்று முந்தாநாள் வந்த கோளாறு இல்லை.

நிஜமாகவே சூடானது என்று பொய் சொல்லிவிடத் தோன்றியது, அதற்குத் தெம்பு இல்லை. “முள்ளு பொய்தாங்கா. இன்ஜின் அன்னிக்கும் சூடாகியிருக்காது,” என்றேன்.  அக்கா பின்கதவைத் திறந்து, ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

நான் வயருக்கு டேப் சுற்றி, முள்ளின் சென்சாரில் திரும்ப மாட்டிவிட்டு, முன்சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன், ஸ்கேனரைக் கழற்றுவதற்கு முன் ஒருமுறை பார்ப்போமே என்று. நம்பினால் நம்புங்கள், நூற்றி நாலு என்று காட்டியது. இன்ஜின் ஓடவில்லை, பிளக் கழன்று வெளியே தொங்குகிறது, தூக்கிய பானெட்டின் அடி இடுக்கில் முன்கண்ணாடி வழியாகவே தெரிகிறது. ‘நூத்தி நாலா?’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

பின்னாலிருந்து அக்கா, “அன்னிக்கு வீட்ல தெர்மாமீட்டர்லயும் அதான்,” என்றார்.

நாம் வெயிலுக்குச் செல்சியஸ் கணக்கும் காய்ச்சலுக்கு ஃபாரன்ஹீட் கணக்கும் வைத்திருக்கிறவர்கள். என் ஸ்கேனர் வெயில் கணக்கில்தான் காட்டும், அதில் நூற்றி நாலு என்றால் தண்ணீர் கொதிக்கிற சூடு. சில வண்டிகளில் சென்சார் போனால் கம்ப்யூட்டர் தானாக ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளும், அதுவும் எனக்குத் தெரியும், ஆனால் இதே வண்டிதான் கொஞ்சம் முன்னால் மைனஸ் நாற்பது காட்டியது. சரி, ஸ்கேனர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பின்னால் காட்டும் கண்ணாடியில் பார்த்தால் அக்கா தன் பக்கத்து சீட்டில், ஒரு தலை இருக்கக்கூடிய இடத்தில், உள்ளங்கையை வைத்திருந்தார். எண் இறங்க ஆரம்பித்தது. நூற்றி மூன்று. நூற்றி இரண்டு. நான் வாயைத் திறக்கவில்லை, ஸ்கேனர் என் மடியில் இருந்தது, அக்காவுக்கு அது தெரிய வழியே இல்லை. தொண்ணூற்றி எட்டுக்கு வந்து நின்றது.

“விட்டுடுச்சு,” என்றார் அக்கா.

 பிறகு அவரே சொன்னார். “விட்டா மட்டும் போதாது தம்பி. இந்தத் தடவை வீட்டுக்கு வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு எடுங்க.”

கேட்டிருக்கலாம், யாருக்கு என்று. கேட்கவில்லை. இறங்கிப்போய் பிளக்கை மாட்டி, பானெட்டைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன். காலனி கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்பீட் பிரேக்கரில் வண்டியின் அடி ‘கர்ர்ர்’ என்று உரசியது, பழைய ஸ்பிரிங், பின்னால் ஆள் நிறைய இருந்தால் உரசும். ஃப்ளைஓவரில் வழக்கமான ஜாம். முள் நடுவிலேயே நின்றது. அக்கா கையை எடுக்கவேயில்லை, “இதோ வந்துடுச்சுங்க” என்று இரண்டு முறை சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தச் சொன்னார். அவர் இறங்கியதும் வண்டியின் பின்பக்கம் லேசாக எழும்பியது. சுற்றிப்போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து, வெளியிலேயே நின்று, ஒரு நோயாளி இறங்குகிற அளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் இன்னொரு முறை எழும்பியது, முதல் தடவையைவிட நன்றாகவே. பின்னால் ஹாரன் அடித்தான் ஒருவன், “ஜல்தி பையா” என்று. அக்கா கதவை மெல்லச் சாத்திவிட்டு, உள்ளே போகிற கூட்டத்தைப் பார்த்து நின்றார். பிறகு வந்து, இந்த முறை முன்சீட்டில், என் பக்கத்தில் உட்கார்ந்தார். “போலாம் தம்பி,” என்றார். அந்தக் குரலில் அப்படி ஓர் அசதி, அப்படி ஒரு நிம்மதி.

வண்டியை மறுவாரம் கபாடிக்காரன் தூக்கிப்போனான். ஸ்கேனரைப் பல வண்டிகளில் மாட்டிப் பார்த்துவிட்டேன், ஒரு குறையும் இல்லை. ஆளில்லாத கதவைத் திறந்து பிடித்தது அக்காவின் துக்கம், எழும்பியது என் பிரமை என்றுதான் நீங்கள் சொல்வீர்கள், நானும் எனக்கு அதையே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் முள் பொய் சொல்லும், ஸ்கேனரும் பொய் சொல்லும், ஸ்பிரிங்குக்குப் பொய் சொல்லத் தெரியாது. இப்போதும் எந்த வண்டியில் போனாலும் ஸ்பீட் பிரேக்கர் வந்தால் என்னையறியாமல் காதைத் தீட்டிக்கொள்கிறேன். அன்றைக்குத் திரும்பி வரும்போது அதே கேட், அதே மேடு, வண்டியில் நானும் அக்காவும்தான். அடி உரசவில்லை.