ஐந்து ஏரித் தண்ணீர்

குடத்துத் தண்ணீர் மூன்றாம் நாளே நாற ஆரம்பித்துவிட்டது. குடத்தைக் கேரியரில் கட்டி மிதித்துக்கொண்டு போனவர் ஐயாவு என்பதால் நாற்றம் முழுக்க அவர் முதுகுக்குத்தான். குடத்தின் வாயைத் துணியால் வேடு கட்டியிருந்தார்கள். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அது நனைந்து, பாசி வாடையோடு அவர் சட்டைக்குள் வழிந்தது. சீ, கருமம் என்று காறித் துப்பினால் பின்னால் வருகிறவன் மேல் படும். எச்சிலை விழுங்கிக்கொண்டு மிதித்தார்.

அது எழுபத்து மூன்றாம் வருஷம், மாசி மாதம். சம்பா அறுப்பு முடிந்து வயலெல்லாம் தாளாகக் கிடந்தது. கட்சி ஆட்சிக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. சோழ நாட்டு ஏரிகளையும் கோயில்களையும் சைக்கிளிலேயே சுற்றி வந்து, ஏரிக்கு ஒரு செம்பு தண்ணீர் மொண்டு, கடைசியில் மன்னார்குடிப் பக்கம் மாவடியூரில் மேடை போட்டு விழா எடுப்பது என்று ஏற்பாடு. வீராணத்தில் தொடங்கி வடுவூர் வரைக்கும் ஐந்து ஏரி, ஐந்து நாள், முப்பது சைக்கிள். சைக்கிளெல்லாம் மன்னார்குடி மூஸா பாய் கடையில் எடுத்த வாடகை வண்டி. அந்தக் கடையில் பஞ்சர் ஒட்டுகிற ஐயாவுதான் பயணத்துக்கு மெக்கானிக். பம்பு, ஸ்பேனர், சொல்யூஷன் டப்பா, அதற்கு மேல் இந்தக் குடம்.

பயணத்தின் தலைவன் ஒன்றியச் செயலாளர் துரைராசு. மாவடியூர் மிராசு. அவனுக்கு மரியாதை போட்டுப் பேச மனசு வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். முப்பது வேலி நிலத்தை மைத்துனன் பேரிலும் மாமியார் பேரிலும் செத்துப்போன பெரியப்பா பேரிலும் எழுதி வைத்துவிட்டு, உச்சவரம்புச் சட்டம் வாழ்க என்று மேடையில் கத்துகிற ஆள். ஐயாவு வீடும் அவன் மனையில்தான் இருந்தது. ஐயாவின் அப்பா பண்ணையாளாக இருந்தபோது, மாவடியூர் ஏரிக்கரைச் சரிவில் மண் சுவர் எழுப்பிக் கூரை போட்ட வீடு. பக்கத்து வீட்டு வைரக்கண்ணு செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்தான் என்று துரைராசு ஆள் விட்டு ஒரே காலையில் அவன் கூரையைப் பிரித்து எறிந்ததும், மழையில் அந்தச் சுவர் கரைந்ததும் ஐயாவு கண்ணால் பார்த்தது. அன்றிலிருந்து துரைராசு வீட்டு வண்டிச் சத்தம் கேட்டாலே அவர் எழுந்து ஓரமாக ஒதுங்கிவிடுவார்.

இப்போது புதுச் சட்டம் வந்திருந்தது. குடியிருக்கிற விவசாயத் தொழிலாளிக்கே மனை சொந்தம். விழா மேடையில் தாசில்தார் கையால் பட்டா. துரைராசே கூப்பிட்டுச் சொன்னான்.

"பயணத்துக்கு வா ஐயாவு. கடைசி நாள் மேடையில உனக்குத்தான் முதல் பட்டா. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

"சரிங்க ஆண்டை."

"அட, இன்னும் என்னய்யா ஆண்டை? கட்சியில எல்லாரும் அண்ணன் தம்பி. அண்ணேன்னு கூப்பிடு." சொல்லிவிட்டுக் கரை போட்ட துண்டு ஒன்றை எடுத்து ஐயாவு தோளில் தானே போட்டான்.

ஐயாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவர் அப்பா அந்த ஆளின் அப்பன் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றே செத்தவர். காளியம்மாள் மட்டும் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"துண்டு இருக்கட்டும்யா. பட்டாவக் கையில வாங்கிட்டு வா. நாலு பேரு முன்னால வாயத் தொறந்து கேளு. முழுங்காத."

போகப் போக அந்தச் சிலிர்ப்பெல்லாம் வடிந்துவிட்டது. துரைராசு சைக்கிளில் ஏறியதே கிடையாது. காரில்தான் வந்தான். ஊர் எல்லைக்கு அரை மைல் இருக்கும்போது கார் நிற்கும், இறங்கிச் சைக்கிளில் ஏறுவான், மாலை விழும். அந்தச் சைக்கிள் அதுவரைக்கும் எப்படி வரும்? ஐயாவுதான் தன் வண்டியை ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, அதை மறு கையால் பிடித்து உருட்டி வருவார். வாடகைக் கடைக்காரர்களுக்கு அது கைவந்த வித்தை. ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒரு குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு, அணைக்கரைப் பாலத்தில் லாரிக்கு ஒதுங்கிக்கொண்டு, அந்த வித்தையைக் காட்டிப் பாருங்கள், தெரியும்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் அவ்வளவு பெரிய கோபுரத்தை அண்ணாந்து பார்த்து எல்லாரும் கைதட்டினார்கள். பேச்சு முடிந்ததும் மதில் ஓரமாகவே வரிசையாக ஒன்றுக்குப் போனார்கள். வெற்றிலை போட்ட ஒருவன் விரலில் மிச்சமிருந்த சுண்ணாம்பை எழுத்து வெட்டிய கல்லில் தடவிவிட்டுப் போனான். "ஏன் தம்பி, அதுல எழுத்து இருக்குல்ல?" என்று ஐயாவு கேட்டதற்கு, "உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டான். தெரியாது. அவனுக்கும் தெரியாது. தன் துண்டால் துடைக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார், மனசு வரவில்லை. விரலாலேயே சுரண்டிவிட்டு வந்தார்.

எந்த ஏரிக்கரையில் நின்றாலும் ஒரே பேச்சுதான். மன்னன் வெட்டினான், மன்னன் கட்டினான். ஐயாவின் அப்பா மாவடியூர் ஏரியில் வருஷா வருஷம் கூடை கூடையாய்ச் சேறு அள்ளியவர். மன்னன் ஒரு கூடையாவது தலையில் தூக்கியிருப்பானா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பழையாறைப் பக்கம் ஒரு கட்சிக்காரர் வீட்டில் சாப்பாடு. கூடத்தில் இருபத்தொன்பது இலை. ஐயாவுக்குக் கொல்லையில், மாட்டுக் கொட்டகை ஓரத்தில், தனியாக ஓர் இலை. சோற்றில் கொசுவும் சாணி வாடையும். துரைராசு கை கழுவ வந்தவன் பார்த்தான்.

"ஊர்ப் பழக்கம், நாம என்ன பண்றது? ரெண்டு நாள்தான், பொறுத்துக்க" என்று சொல்லி வாயைக் கொப்பளித்துத் துப்பினான். ஓர் அடி தள்ளித் துப்பியிருக்கலாம்.

ஐயாவு அந்தச் சோற்றைத் தின்னவில்லை. மாட்டுக்குக் கொட்டிவிட்டு எழுந்தார். தஞ்சாவூர் ஏரிக்கரையிலும் வடுவூரிலும் குடத்தை இறக்கி ஏற்றியதோடு சரி. மனசுக்குள் மட்டும் ஒத்திகை பார்த்துக்கொண்டே மிதித்தார். 'எங்கப்பன் கட்டுன வீடு. நாப்பது வருஷமா இருக்கோம். மனை எனக்குச் சேரணும்.' மூன்றே வாக்கியம். இதைச் சொல்லிவிட்டால் போதும், இனி ஒரு பயலும் தன் கூரையில் கை வைக்க முடியாது. இந்தக் கும்பலைத் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மாவடியூர். மேடை எங்கே போட்டிருந்தான் தெரியுமா? ஏரிக்குள்ளேயே. பாதி ஏரியைத் துரைராசு எப்போதோ வரப்பு போட்டு வயலாக்கியிருந்தான். அந்த வயலின் அறுப்புத் தாள் மேல் பந்தல். ஏரியைப் போற்றுகிற விழா, செத்த ஏரியின் வயிற்றில். கீழத்தெரு சனம் முழுக்க வெயிலில் உட்கார்ந்திருந்தது, முன் வரிசையில் காளியம்மாள்.

குடத்தின் துணியை அவிழ்த்ததும் மேடையில் இருந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். துரைராசு மட்டும் சுளிக்கவில்லை, கெட்டிக்காரன். கையை உள்ளே விட்டு அள்ளினான்.

"இது தீர்த்தம் இல்லை, உடன்பிறப்புகளே! வரலாறு!" என்று ஒலிபெருக்கியில் முழங்கி, பட்டா வாங்க நின்றவர்கள் தலையில் தெளித்தான். ஒரு சொட்டு ஐயாவு உதட்டில் விழுந்தது. குமட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார்.

தாசில்தார் காகிதக் கட்டைப் பிரித்தார். நல்ல மனுஷன்தான், சட்டப்படி ஒரு வார்த்தை கேட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

"ஐயாவு, இந்த வீட்டுல நீங்க குடியிருக்கீங்க. இது யார் கட்டின வீடு? உங்களுக்குச் சேரணும்னு கேக்கறீங்களா?"

ஐயாவு வாயைத் திறந்தார். பக்கத்து நாற்காலியில் துரைராசு இருந்தான். லேசாகத் தொண்டையைக் கனைத்தான், அவ்வளவுதான். அவன் அப்பன் கனைக்கிற மாதிரியே இருந்தது. ஐயாவின் கை தானாக மேலே போயிற்று. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டியது. முதுகு வளைந்தது.

"ஆண்டை குடுத்ததுங்க. அவங்க மனைங்க. எங்களுக்கு என்னங்க இருக்கு?"

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவருக்கே தெரிந்தது. தாசில்தார் பேனாவை மூடினார். துரைராசு கூட்டத்தைப் பார்த்து, பாவம் நான் என்ன செய்ய என்பதுபோலக் கையை விரித்தான். குறுக்கே நிற்க மாட்டேன் என்றானே, நிற்கவில்லை. அதற்கு அவசியமே இல்லாமல் போய்விட்டது.

"அய்யோ, பேனாவ மூடாதீங்க சார்!"

காளியம்மாள் எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைக்கு நேர் கீழே வந்துவிட்டாள்.

"அவரு பயத்துல சொல்றாரு. எங்க மாமனாரு கட்டுன வீடு அது. போன மழைக்கு மேலண்டைச் சுவரு விழுந்தப்ப மண்ண மிதிச்சு எழுப்புனது நான். மூணு தடவ கூரை மாத்துனது நான். எந்த ஆண்டையும் வந்து ஒரு கீத்து எடுத்துக் குடுக்கல. அந்த மனை எங்களுக்கு வேணும். கேக்கறேன். எழுதிக்குங்க."

கீழத்தெரு பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக, "ஆமாங்க சார், ஆமாங்க" என்று எழுந்தார்கள். துரைராசு சிரித்தபடியே முதல் ஆளாகக் கைதட்டினான். வேறு வழி? தாசில்தார் பேனாவைத் திறந்தார்.

"உங்க பேரும்மா?"

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஐயாவு வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தார். ஏரித் தண்ணீர் வாடை போகவே இல்லை என்றார். துரைராசு மேல் இருந்த அருவருப்பெல்லாம் ஐந்து நாள் சமாச்சாரம். இது வேறு. தன் முதுகை நினைத்தாலே அவருக்குத் தூ என்று வந்தது. காளியம்மாள் குத்திக்காட்டவில்லை. அந்தக் கரைத் துண்டை இரண்டாகக் கிழித்து, உலைப் பானை இறக்கப் பிடிதுணியாக்கிக்கொண்டாள்.

பிறகு ஐயாவு மாவடியூர் முக்கில் சொந்தமாகச் சைக்கிள் கடை போட்டார். வீட்டுக்கும் மெல்லக் காரைச் சுவர் வந்தது, ஓடு வந்தது. துரைராசு எந்தக் கட்சியிலெல்லாம் இருந்து எதில் செத்தான் என்று ஊருக்கே கணக்கு தெரியாது. அவன் வண்டி வாசலில் வந்து நின்றால்கூட ஐயாவு பஞ்சர் ஒட்டியதில்லை. டியூப் இல்லை, போ என்பார். சுவரில் டியூப் தொங்கிக்கொண்டிருக்கும்.

போன வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஓர் இளம்பெண் வந்தாள்.

"தாத்தா, இது சொந்த வீடா? யார் வீடு?"

ஐயாவு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"காளியம்மா வீடும்மா. நான் அவளோட இருக்கேன்."

"ஆமா, வாடகை பாக்கி நெறைய இருக்கு, அதையும் எழுதிக்க!" என்று உள்ளேயிருந்து காளியம்மாள் சத்தம் போட்டாள். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். ஐயாவு சிரிக்கவில்லை. எண்ணெய்க் கையோடு தோளைத் தடவி, துண்டு அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.