முளைப்பாரிக்குப் போகும் வழியில் மூன்று பரோட்டா

தேனிப் பக்கம் மலைமேல் இருக்கிறது அப்பாவின் ஊர். வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே திருவிழா. சட்டியில் நவதானியம் விதைத்து, இருட்டறையில் வளர்த்து, அந்த முளைப்பாரியைத் தலையில் சுமந்து நாற்பது பெண்கள் ஊர்வலம் போவார்கள். இந்த முறை அத்தை என் பெயருக்கும் ஒரு சட்டி விதைத்திருக்கிறார். பாரி வளரும்வரை அந்த வீட்டார் எங்கே இருந்தாலும் கவுச்சி தொடக்கூடாது. சென்னையில் நானும் அப்பாவும் ஐந்து நாளாக முட்டைகூடச் சாப்பிடவில்லை.

மலைக்கு ஜீப் செவ்வாயும் வெள்ளியும்தான் ஏறும். அதனால் வியாழன் முழுக்க மதுரையில் ஓய்வு. ரயில் காலை 5.50க்கு வந்தது. ஐந்து நிமிட நடையில் லாட்ஜ். இருவருக்கு 900 ரூபாய். வெந்நீர் எட்டு மணி வரைதான், கவனம்.

பத்து மணிக்குப் பெரியார் நிலையத்தில் திருப்பரங்குன்றம் பேருந்து ஏறினோம். எட்டு கிலோமீட்டர், அரை மணி நேரம். எனக்கு இலவசம், அப்பாவுக்குப் பத்து ரூபாய். மூலவர் மலைப்பாறையிலேயே செதுக்கப்பட்டவர் என்பதால் அபிஷேகம் வேலுக்குத்தான் என்று படித்திருந்தேன். அர்ச்சகரிடம் கேட்டு உறுதிசெய்து நோட்டில் எழுதிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது மணி ஒன்று, நல்ல பசி. ஒரு சிறிய கடையில் வெறும் பரோட்டா கேட்டோம். இலையில் பிய்த்துப் போட்டுக் குழம்பை ஊற்றினார்கள். சென்னையில் எங்கள் தெருக்கடையில் ஊற்றுவது காய்கறிக் குருமா. இதுவும் அதுதான் என்று நினைத்தோம். இரண்டாவது பரோட்டாவின் பாதியில் என் விரலில் ஒரு சின்ன எலும்பு தட்டியது. அப்பா அதற்குள் மூன்றை முடித்திருந்தார்.

"அண்ணே, இது என்ன குழம்பு?"

"சால்னா பாப்பா. கோழி. மதுரைக்குப் புதுசா?"

அடுத்த மாவட்டத்தில் பிறந்த அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை.

"தெரியாமத் தின்னதுதான, அத்தைகிட்டச் சொல்லாத. பாரி எடுக்க விட மாட்டாக" என்றார் லாட்ஜில். எனக்கோ புத்தகத்தில் ஒரு வரிகூட ஓடவில்லை. ஊரில் ஒரு பாறைமேல்தான் சிக்னல் கிடைக்கும். அத்தை தினமும் மாலை ஐந்துக்கு அங்கே வருவார். சரியாக ஐந்துக்கு அழைத்தேன்.

"அத்தை, தெரியாம கோழிச் சால்னா சாப்பிட்டுட்டேன்."



"எம்புட்டு?"

"ஒண்ணரை பரோட்டாவுக்கு."

"உங்கப்பன்?"

கட்டிலில் இருந்து அப்பா இரண்டு கையையும் ஆட்டினார்.

"மூணு அத்தை."

"அதானே பாத்தேன். இரு, பூசாரி அண்ணே இங்கனதான் நிக்கிறாரு, கேட்டுட்டு வாரேன்."

அந்த இரண்டு நிமிடத்தில் என் சட்டியை வேறு யாரோ சுமப்பதாகவே மனதில் ஓடியது.

"கேட்டுக்க. ஓடையில மஞ்சத்தண்ணி ஊத்திட்டுத்தான் ஊருக்குள்ள வரணும். பாரி ரூம் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது. வரிசையில கடைசி ஆளா நிக்கணும். சம்மதமா?"

"சம்மதம் அத்தை."

"உங்கப்பனுக்கு ரெண்டு குடம் ஊத்தச் சொல்லிட்டாரு."

திருவிழாவுக்காக விரதத்தில் மதுரை வழியாகப் போகிறவர்களுக்கு: சைவம் என்று பலகை மாட்டிய கடையில் மட்டும் சாப்பிடுங்கள். பரோட்டாவே வேண்டுமென்றால் முதலில் குழம்பைப் பற்றிக் கேளுங்கள். நாங்கள் நாளை காலை 4.30க்கு ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறுகிறோம். அடிவாரத்தில் ஜீப் ஒன்பதுக்கு.

கடைசி இடம் என்றதும் முதலில் கொஞ்சம் வருத்தம்தான். பிறகு யோசித்துப் பார்த்தேன். முன்னால் போகிறவளுக்குப் பாதை மட்டும்தான் தெரியும். எனக்கு நாற்பது பாரியும் தெரியும்.