நடுவில் உட்கார்ந்த உனைசி

ஒரு தடவை உனைசி, பாய் முடையும் ஓர் அம்மாளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனபோது, வாசலிலேயே அவருடைய செருப்பு வார் அறுந்துபோயிற்று. உள்ளே ஆசிரியர்களெல்லாம் பளபளவென்று காலணி போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். அம்மாள் கூசிப்போய் நின்றுவிட்டார். உனைசி தன் செருப்பையும் கழற்றிச் செம்பருத்தி வேலிக்குள் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு முன்னால் நடந்தாள்.

தீவு நகரமான லம்பாசாவில், சந்தைக்குப் பின்னால்தான் அவள் வீடு. புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு, கிறிஸ்தவக் கோயில் பெண்கள் சங்கம் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தது. கிராமங்களில் பாடுகிறவர்கள், முடைகிறவர்கள், மரப்பட்டைத் துணியில் சித்திரம் போடுகிறவர்கள் இவர்களையெல்லாம் தேடிப் பிடித்துப் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். நல்ல வேலைதான். ஆனால் முந்தின நாளே அவளுக்குக் கவலை பிடித்துக்கொள்ளும். பஸ் வருமா, மழை கொட்டுமா, வந்தவருக்குச் சாப்பாடு சரியாக இருக்குமா என்று ஆண்டவரைக் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

'மேக்கே' என்ற கூட்டு ஆட்டத்துக்குப் பாட்டுக் கட்டும் அபகூக்கியை ஆற்றோரப் பள்ளிக்கு அழைத்துப் போன நாளில் அந்தக் கவலை இரண்டு மடங்கு; அந்தப் பள்ளி இன்னும் நேரம் ஒதுக்கச் சம்மதிக்கவில்லை. தலைமை ஆசிரியர் இசோவாவின் ஊரும் அவள் ஊரும் கேலி உறவு. ஒருவரை ஒருவர் என்ன திட்டினாலும் கோபிக்கக் கூடாது.

"வந்துட்டாளா நண்டு திருடி! பையச் சோதிச்சுட்டு உள்ள விடுங்கப்பா."

"உங்க ஊரு நண்டெல்லாம் உன் மூஞ்சியப் பாத்தே செத்துப்போச்சு. நான் எதைத் திருடுறது?"

சிரித்து முடித்ததும் இசோவா குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு உனைசி. வாரத்துல ஒரு மணி நேரம் கேக்கற. பரிட்சை வருஷம். இன்னிக்கு ஒரு நாள் பாக்கறேன். பிள்ளைங்க ஒட்டலைனா அந்த நேரம் கணக்குக்குப் போயிரும்."

விருந்தாளி தரும் காணிக்கையாகக் கவா வேர்க்கட்டை வைத்து முறைப்படி வணங்கி, வகுப்புக்குப் போனார்கள். பையன்களுக்கு அபகூக்கி பாட்டும் கைதட்டும் சொல்லித் தருவது, அவர் சொல்கிற கையசைவை டீச்சர் பெண்பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவது என்று ஏற்பாடு.

டீச்சர் லைசானி திரும்பினாள். அபகூக்கியைப் பார்த்தாள். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு கரும்பலகைப் பக்கம் ஒதுங்கினாள். அவரும் தான் உட்கார்ந்த பாயைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டார்.

உனைசி குனிந்து கேட்க, "சின்னம்மா மக" என்று முணுமுணுத்தார். இருவருடைய தாய்மாரும் உடன்பிறந்தவர்கள். அப்படியென்றால் இவர்கள் அண்ணன் தங்கை. அந்த ஊர் வழக்கத்தில், வயது வந்த அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசுவது ஆகாது. முந்தின நாள் பஸ்ஸைப் பற்றிக் கேட்டாள், பாயைப் பற்றிக் கேட்டாள், மதியத்துக்கு மரவள்ளி வேகுமா என்றுகூடக் கேட்டாள். டீச்சர் எந்த வீட்டுப் பெண் என்று மட்டும் கேட்கவில்லை. தலைநகர் சுவாவிலிருந்து மாற்றலாகிப் புருஷன் பெயரோடு வந்தவள், யாருக்குத் தெரியும்?

பிள்ளைகள் கிசுகிசுத்தார்கள். ஒருத்தன் கொட்டாவி விட்டான். ஜன்னலுக்கு வெளியே இசோவாவின் வெள்ளைச் சட்டை தெரிந்தது.

'ஆண்டவரே, இந்தப் பாட்டுக்கார மனுஷனைத் தலைகுனிய வச்சு அனுப்பாதேயும்.'

உனைசி எழுந்து இரண்டு பேருக்கும் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, எங்கிட்டச் சொல்லுங்க."

அபகூக்கி அவள் காதருகே ஓர் அடி பாடினார். அவள் அதை டீச்சர் பக்கம் திரும்பிப் பாடினாள். அவள் குரலோ, கோயிலில் பக்கத்தில் நிற்பவர்களே நகர்ந்துகொள்ளும் குரல். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"அப்படியில்ல அக்கா, கடைசியில மேல போகணும்!" என்றாள், அபகூக்கி பாடியதைக் கேட்டுவிட்ட முன்வரிசைப் பெண்.

"எங்க, நீ பாடு."

அவள் பாடினாள். இன்னொருத்தி அவளைத் திருத்தினாள். கையசைவையும் உனைசி வலது இடது மாற்றித்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். லைசானி தலை நிமிராமலே அதைச் சரியாக்கிப் பிள்ளைகளுக்குக் காட்டினாள். பையன்களின் கைதட்டு ஒன்றாகச் சேர்ந்தது. மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

இசோவா உள்ளே வந்தார். "உன் குரலைக் கேட்டு ஊர்க் கோழியெல்லாம் முட்டை போடறத நிறுத்திருச்சு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நேரம் உண்டா இல்லையா, அதச் சொல்லு."

"வியாழக்கிழமை. ஆனா நீ வந்து நடுவுல உக்காரணும்."

வியாழன்தோறும் போய் உட்கார்ந்தாள். கூட்டிப்போகிறவர்களையும் டீச்சர்களையும் இப்போது முதலில், "உங்க அம்மா எந்த வீடு?" என்று கேட்டாள். எத்தனையோ வருஷம் கழித்தும், பள்ளி வாசலில் ஆண்டவரைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போவாள்.

கடைசியில் உனைசிக்குச் சர்க்கரை நோய் முற்றி, சுவாவில் இருக்கும் மகளிடம் போக வேண்டி வந்தது. கப்பலுக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட லைசானி வந்தாள். வண்டி கிளம்பியபிறகும் உனைசி ஜன்னலில் தலையை நீட்டிச் சொல்லிக்கொண்டே போனாள்.

"மழை பெஞ்சா உங்கண்ணன் ஆத்தத் தாண்ட மாட்டாரு. அன்னிக்கிப் பிள்ளைங்களக் கணக்குக்கு விட்டுராதீங்க டீச்சர். நீங்களே ஆரம்பிச்சிருங்க. தப்பாப் பாடுங்க, அதுங்க திருத்திக்கும்!"