மூன்றாவது மடிப்பு

சிறுவயதில் நான் நன்றாகப் பொய் சொல்லுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. என் பேத்திகள் என்னை அரிச்சந்திரன் வீட்டுப் பெண் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் சொல்லிவைக்கிறேன். சொன்ன பொய்களில் முக்கால்வாசி மறந்துவிட்டது. ஒன்று மட்டும் பங்குனி பிறந்து மல்லிகை மணக்கத் தொடங்கினால் இன்றும் என்னைத் தூங்கவிடாது.

திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே குடும்பமாக இருந்தார்கள். சித்தப்பாவின் மனைவியைச் சின்னம்மா என்போம். அவளுக்கு ஒரே மகள், என்னைவிட இரண்டு மாதம் இளையவள். எட்டு வயதுவரை நாங்கள் ஒரே தட்டில் தின்றோம். அம்மாபேட்டைத் தறியில் நெய்த ஊதாக் கட்டத் துணியை வாங்கி, சின்னம்மா எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரிப் பாவாடை தைத்தாள். கிணற்று வாய்க்கால் ஓரம் ஆளுக்கொரு மல்லிகைப் பதியன் வைத்தோம்.

ஐப்பசியில் நாலே நாள் காய்ச்சலில் சின்னம்மாவின் மகள் போய்விட்டாள். செத்தவர் துணி ஒரு முழம்கூட வீட்டில் தங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் துணிமணி மொத்தமும் வண்ணார் வீட்டுக்குப் போனது. என் ஊதாப் பாவாடை சின்னம்மா கண்ணில் படாமலிருக்க அம்மா அதைப் பெட்டியின் அடியில் அமுக்கிவைத்தாள்.

அந்தப் பங்குனியில் வாய்க்கால் ஓரமெல்லாம் பூ. நந்தியாவட்டை, செவ்வரளி, புங்கமரத்தடியில் பொரி கொட்டியது போல் உதிர்ந்த பூ. அதிலும் அவள் வைத்த மல்லிகை இலை தெரியாமல் பூத்துக் கிடந்தது. பக்கத்திலேயே இருந்த என் செடியில் பேருக்கு நாலு மொட்டு. அம்மா அவள் செடிப் பூவை என்னைத் தொடவிடவில்லை. காரணம் கேட்டால் முறைப்பாள்.

அப்போது சேலத்தில் பிளேக். ஊருக்கு வெளியே கொட்டகை போட்டு நோயாளிகளை வைத்திருந்தார்கள். வெறுந்தரையில் கிடக்கிறார்கள், பழந்துணியில் போர்வை தைத்துக் கொடுத்தால் புண்ணியம் என்று ஒரு நர்சம்மா தோட்டம் தோட்டமாகச் சொல்லிப் போனார். எங்கள் வீட்டில் பத்துப் போர்வை ஒப்புக்கொண்டார்கள். அடியில் பழஞ்சேலையை விரித்து, மேலே துண்டுத் துணிகளைப் பரப்பி, நெருக்கமாக ஓட்டுத் தையல் போடுவார்கள். சின்னம்மா வெகுநாள் கழித்து ஊசியைத் தொட்டாள். துணி கத்தரித்துக் கொடுப்பது என் வேலை.

எனக்கோ அந்த ஊதாப் பாவாடை மேல் பயம். ஒரு ஜோடியில் ஒன்று போய்விட்டால் மற்றது என்ன செய்யும் என்று படுத்துப் படுத்து யோசித்திருக்கிறேன். அம்மா சந்தைக்குப் போன அன்று அதை எடுத்து நறுக்கி மற்றத் துண்டுகளோடு கலந்துவிட்டேன். சின்னம்மா கை அந்தத் துண்டில் பட்டதும் நின்றது. இது யாருடையது என்று கேட்டாள். நல்ல பாவாடையை வெட்டினேன் என்று தெரிந்தால் அம்மா தோலை உரித்துவிடுவாளே! அவளுடையதுதான், வண்ணார் வீட்டுக்குப் போகாமல் பெட்டியில் தங்கிவிட்டது என்றேன்.

சின்னம்மா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஊதாத் துண்டுகளை மட்டும் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

பத்துப் போர்வையும் முடிந்தன. பதினொன்றாவதாக ஒன்று இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். களத்துக்கு அப்பால் சோளத்தட்டு அடுக்கும் ஓலைச் சாளையில், கயிற்றுக் கட்டிலில் அதை விரித்துவைத்திருந்தாள். நடுவில் ஊதாக் கட்டம், தலைமாட்டில் ஒரு மடி மல்லிகை. உச்சிவெயிலில் எல்லோரும் கண்ணயரும் நேரம் அவள் அங்கே போவாள். போர்வை நடுவில் ஒரு பிள்ளை படுத்து எழுந்த அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். ஒருநாள் ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அகப்பட்டுக்கொண்டோம் என்று, “ஏனுங் சின்னம்மா” என்றபடி வெளியே வந்தேன்.

அவள் திரும்பவே இல்லை. கட்டிலைத் தடவிக்கொண்டே, “உன்னையில்ல கண்ணு” என்றாள்.

அன்று சாயங்காலமே எனக்குக் காய்ச்சல் வந்தது. பிளேக்கோ என்று பயந்து அம்மா என் அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தாள். இரண்டு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. செத்துப்போவேன் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. பொய்யோடு சாக வேண்டாமென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா அடிக்கவில்லை. என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெயிலில் சாளைக்கு ஓடினாள். சின்னம்மா கட்டில் தலைமாட்டில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். உயிரோடிருக்கும் பிள்ளையின் துணிக்குத் தலைமாட்டில் பூ வைக்கிறாயே, இவள் பொய் சொல்லி உன்னை ஏமாற்றிவிட்டாள் என்று அழுதாள்.

சின்னம்மா நிதானமாகத்தான் பேசினாள்.

“ஏமாறலீங்க அக்கா. ரண்டையும் தெச்சவ நானுங்க. என்ற புள்ள குள்ளம், அவளுதுல மூணு மடிப்பு வெச்சு அடிச்சேன். இதுல ரண்டுதான். தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு.”

அம்மா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் போர்வை ஏற்ற வண்டி வந்தது. பதினொன்றாவதையும் சின்னம்மாவே மடித்துக் கொடுத்தாள். உசுரோட இருக்கிற பிள்ளை துணிதானே, யாருக்கும் ஆகாமலிருக்காது என்றாள். அதிசயமாக அன்றே என் காய்ச்சலும் இறங்கியது. பொய் அம்பலமாகியும் அடி விழாததில் எனக்கு ஒரே குஷி.

நாலு நாள் கழித்து நான் வாய்க்காலில் காலை விட்டு உட்கார்ந்திருந்தேன். சின்னம்மா, மகளின் மல்லிகைச் செடியில் பூப்பறித்துத் தொடுத்துக்கொண்டிருந்தவள், செத்துப்போன தன் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். யாரையோ என்று நான் பேசாமலிருந்தேன்.

“உன்னையத்தான் கண்ணு” என்றாள்.

எத்தனை நாளாகத் தொடாதே என்று தடுத்த பூ! ஓடிப்போய்த் தலையைக் குனிந்து நின்றேன். அவள் வைத்துவிட்டாள். அடுப்படியிலிருந்து அம்மா ஏன் என் பெயரைச் சொல்லி அப்படி அலறிக்கொண்டு ஓடிவந்தாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.