ராஜம்மாள் கையிலிருந்த பெயர்

வெள்ளிக்கிழமை காலை வார்டில் துவைத்து வந்த துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஆயா காத்தாயி வாசலிலேயே நின்றுவிட்டாள். “நர்ஸம்மா, அடுகோடியிலேர்ந்து, தம்பி வீட்டு ஆள் வந்திருக்கு. ராஜம்மாக்கா போயிட்டாங்களாம்” என்றாள். காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று தெரியும். ஆனாலும் அந்த மனுஷி சாவார் என்று நான் நினைக்கவே இல்லை. கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஜட்கா பிடித்து ஓடினேன்.

தண்டு என்கிற கன்டோன்மென்ட் பக்கத்தில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு ராஜம்மாள் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து, தலைமை நர்ஸாகி ஓய்வு பெற்றவர். நான் அவரோடு பல வருஷம் வேலை பார்த்தவள். அவர் கல்யாணம் ஆகாதவர். இதை அழுத்தித்தான் எழுதுகிறேன். கடைசியில் தகராறு வந்ததே அதில்தான்.

அவருடைய இடது முன்கையில் ‘முனுசாமி’ என்று பச்சை குத்தியிருக்கும். அத்தை மகன் பெயர். அவர்கள் பக்கத்தில் பரிசம் போட்ட கையோடு பெண்ணுக்கு மாப்பிள்ளை பெயரைக் குத்திவிடுவார்கள். குத்திவிட்டால் சம்பந்தம் கலையாது என்று ஒரு நம்பிக்கை. கலையாமல் என்ன? தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போன முனுசாமி வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். அவனுக்கு ஒரு குறையும் இல்லை, அவன் கையில் எதுவும் எழுதவில்லையே! இவரைத்தான் ஒருத்தரும் பெண் கேட்டு வரவில்லை. ‘வேறொருத்தன் பேரைச் சுமக்கிறவள், பாதி தாலி ஏறினவள்’ என்று பேசினார்கள். சொந்த அம்மாவே அப்படிப் பேசினாராம். இவரோ வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு நர்ஸ் படிக்க வந்துவிட்டார்.

அந்தப் பெயருக்குக் கீழே தோல் சுருங்கி ஒரு தழும்பு இருக்கும். ஒரு நாள் கேட்டேன். “சேராங்கொட்டைப் பால் வெச்சா பச்சை போயிடும்னு பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. வெச்சேன். தோலு வெந்துச்சு, காய்ச்சல் வந்துச்சு. பேரு மட்டும் ஜம்முனு உக்காந்திருக்கு, பாரு” என்று கையை நீட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு பச்சையை அழிக்க மருந்து கேட்டு யார் வந்தாலும் அந்தத் தழும்பைத்தான் முதலில் காட்டுவார். “மேல் தோலைப் பொசுக்கினா உள்ள இருக்கறது எப்படிம்மா போவும்?” என்பார்.

பச்சை குத்துவதைப் பற்றி ஊரில் எத்தனை பேச்சு! குத்திக்கொண்டால் கொள்ளைநோய் அண்டாது, கைகால் வலி வராது, பச்சை இல்லாமல் செத்தவளை எமன் உலக்கையால் இடிப்பான். எல்லாவற்றையும் அவரிடமே வந்து சொல்வார்கள். ஒரு தாய் தன் மகளைக் கூட்டி வந்தாள். குத்தி நாலைந்து நாள் இருக்கும், கை பூசணிக்காயாக வீங்கி சீழ் வைத்திருந்தது. “தாய்ப்பால்ல கரைச்ச மைதானே நர்ஸம்மா, குளிர்ச்சிதானே, எப்படி வீங்கும்?” என்று கேட்டாள் அந்தம்மாள். ராஜம்மாளுக்கு வந்ததே கோபம்! “ஊசி ஒண்ணு, ஊரெல்லாம் கை. பச்சை குத்தினவ அதைக் கொதிக்க வெச்சாளா? துடைக்கவாவது செஞ்சாளா? இதுல குளிர்ச்சியாம், குளிர்ச்சி!” என்று திட்டிக்கொண்டே சீழைக் கழுவினார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

பாக்கியம் என்ற பெண் பிரசவத்துக்கு வந்த மத்தியானத்தை நான் மறக்க முடியாது. தங்கவயலில் வாழ்க்கைப்பட்டவள், கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பிள்ளை குறுக்கே கிடந்தது. வயிற்றைத் தடவிப் பார்த்து அதைத் திருப்பத் தெரிந்த கை அன்றைக்கு ராஜம்மாளின் கை ஒன்றுதான். டாக்டரம்மா ஊரில் இல்லை. ராஜம்மாள் கையை வைத்தாரோ இல்லையோ, பாக்கியம் அலறினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அவள் கையிலும் புருஷன் பெயர் குத்தியிருந்தது. இரண்டும் ஒரே எழுத்து. ராஜம்மாள் என்று கூப்பிடுவதையும் கேட்டுவிட்டாள். புருஷன் கட்டாமல் விட்ட மாமன் மகள் பெயர் அவள் வீட்டில் தெரியாமலா இருக்கும்?

“என்னைத் தொடாதே! அவர் பேரைக் கையில வெச்சிருக்கறவ தொட்டா என் புள்ள தங்காது!” என்று காலை உதைத்தாள். அவள் அம்மாவும் கூடச் சேர்ந்துகொண்டு, வேறு ஆளைக் கூப்பிடுங்கள் என்றார். எங்களுக்கு உயிரே போய்விட்டது. பிள்ளையின் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது.

ராஜம்மாள் ஒரு கட்டுத்துணியை எடுத்து முன்கையைச் சுற்றி முடிச்சுப் போட்டார். பிறகு அவள் முகத்துக்கு நேரே குனிந்தார். “இதோ பாரு. பேரு என் தோல்ல இருக்கு, ஆளு உன் வீட்ல இருக்கான். எனக்கு அவனும் வேணாம், அவன் புள்ளையும் வேணாம். புள்ள உனக்கு வேணுமா, வேணாமா? ஜல்தி சொல்லு!” பாக்கியம் அழுதபடியே தலையை ஆட்டினாள். பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை அழுதது. கட்டிலில் கிடந்தபடியே பாக்கியம், “அக்கா, சாபம் ஒண்ணும் விட்டுடலையே?” என்று கேட்டாள். “சாபம் விட எங்கடி நேரம்? அடுத்த கட்டில்ல ஒருத்தி கத்திட்டிருக்கா” என்றார். அப்புறம் கை கழுவும் இடத்தில் போய் வெகுநேரம் நின்றார்.

சில வருஷங்களுக்கு முன்பு முனுசாமி செத்துப்போனான். ராஜம்மாளின் தம்பி மனைவி ஆஸ்பத்திரிக்கே வந்து, “பேரு இருக்கறப்ப ஊர் என்ன சொல்லும்? இனிமே குங்குமம் வெக்காதீங்க அண்ணி” என்றாள். மறுநாள் ராஜம்மாள் வழக்கத்தைவிடப் பெரிய குங்குமத்தோடு வேலைக்கு வந்தார். “தாலியே ஏறாத எனக்கு அறுக்கறதுக்கு ஆள் வந்துட்டாங்க” என்று என்னிடம் சொன்னார். அதோடு தம்பி வீட்டுப் படியை மிதிக்கவில்லை. இந்தக் காய்ச்சலில் எழுந்து தண்ணீர் குடிக்கவும் முடியாமல் போன பிறகுதான் அங்கே போனார்.

நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். நெற்றி வெறுமையாக இருந்தது. தலையில் ஒரு பூ இல்லை. கன்னியாகப் போகிறவளுக்குச் செய்ய வேண்டிய எதையும் செய்யவில்லை. சாமி மாடத்திலிருந்த குங்குமத்தை எடுத்து நானே வைத்தேன். தம்பி மனைவி என் கையைப் பிடித்தாள்.

“கையில பேரு இருக்குதே, தெரியலையா உங்களுக்கு?”

“இருக்கட்டும். கல்யாணம் எங்கே நடந்தது? யார் வந்து சாப்பிட்டீங்க? சொல்லுங்க!” என்று கத்தினேன். தம்பி, “சண்டை வேண்டாம்மா, பேஜாரு பண்ணாதீங்க, எடுக்க நேரமாவுது” என்று மட்டும் சொன்னார். நான் வாசலுக்கு வந்து நின்றேன்.

பாடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். நெற்றியை ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். இடது கையைத் துணிக்கு வெளியே எடுத்து, பெயர் எல்லோருக்கும் தெரியும்படி மார்மேல் வைத்திருந்தார்கள்.

சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. தெருமுனை வரை போய் நின்றேன். ராஜம்மாளிடம் கற்ற தொழில் எனக்குச் சோறு போடுகிறது, அது எப்போதும் இருக்கும். ஆனால் அவருடையது என்று நான் வைத்துக்கொள்வது வேறு. அந்த மனுஷி ஆயுசு முழுக்க அடக்கி வைத்திருந்த கோபத்தை அன்றைக்கு அடுகோடித் தெருவில் நின்று நான் வாங்கிக்கொண்டேன். அதை ஆறவிடப் போவதில்லை.